விளையாட்டுக்கு ஒரு நியாயம்: இளம்பெண்கள் மன்றங்களின் மாலைநேர வரலாறு

இளம்பெண்கள் கூடும் மன்றம் ஒன்றில் இந்த வாரம் என்ன ஆடலாம், என்ன பாடலாம், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று திட்டமிடுவது இன்று எளிய காரியமாகத் தோன்றினாலும், இங்கிலாந்தில் அத்தகைய மன்றங்கள் பரவத் தொடங்கிய 1870களிலிருந்து ஏறத்தாழ அறுபது எழுபது ஆண்டுகள்வரை அந்தத் திட்டத்தாள் ஒரு வழக்குரையாகவே எழுதப்பட்டது. சிறுவர்களின் ஆட்டத்துக்கும் உடல்வலிமை, ஒழுக்கம் என்ற காரணங்கள் சொல்லப்பட்டன என்பது உண்மையே. ஆனால் காரணம் சொல்லாமலும் அவர்கள் தெருவில் பந்தாட முடிந்தது. பெண்பிள்ளைகளின் ஆட்டமோ அறத்துக்கு, உடல்நலத்துக்கு, வருங்காலத் தாய்மைக்கு, நாட்டுக்கு என்று ஏதாவது ஒன்றுக்குப் பயன்படுவதாக முதலில் நிறுவப்பட்ட பிறகே நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது. அந்த நியாயங்கள் காலத்துக்குக் காலம் மாறின. நிகழ்ச்சிநிரலை எழுதும் கை பெரியவர்களிடமிருந்து பெண்பிள்ளைகளிடம் சிறிது சிறிதாக நகர்ந்தபோதுதான் அவற்றின் தேவையே குறையத் தொடங்கியது.

இந்த மன்றங்களின் உறுப்பினர்கள் பெரும்பாலும் பதின்மூன்று பதினான்கு வயதில் வேலைக்குப் போனவர்கள். 1878ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலைநேரத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. ஆனால் நெசவாலைகள் அல்லாத தொழிற்கூடங்களில் அந்த வரம்பே வாரத்துக்கு 60 மணி நேரமாக இருந்தது. தையற்கூடங்களிலும் தொப்பி செய்யும் பட்டறைகளிலும் இரவு ஏழு, எட்டு மணிக்கு வேலை முடித்து வெளியே வரும் பெண்ணுக்கு, பலர் நெருக்கியடித்து வாழும் ஓரறை வீட்டில் உட்கார இடம் இருக்காது. மீதமிருந்தவை தெருவும், மலிவான பாட்டரங்குகளும்தான். விளக்கு வெளிச்சமுள்ள கடைத்தெருவில் தோழியரோடு கைகோத்து நடப்பதே அவர்களின் முதன்மையான பொழுதுபோக்கு. அதைத்தான் நடுத்தர வகுப்பினர் பெரும் ஆபத்தாகக் கண்டனர். ஆகவே மன்றம் என்பது தொடக்கத்திலிருந்தே தெருவோடு போட்டிபோட வேண்டிய நிறுவனமாக அமைந்தது.

போட்டியை முதலில் ஏற்றவர்கள் அதை விளையாட்டால் வெல்ல எண்ணவில்லை. 1875இல் மேரி எலிசபெத் டவுன்சென்ட் நிறுவிய ‘கேர்ல்ஸ் ஃப்ரெண்ட்லி சொசைட்டி’ என்ற ஆங்கிலிக்கத் திருச்சபைச் சங்கம், வீட்டுவேலைக்காக ஊர்விட்டு ஊர் போகும் பெண்களுக்கு உயர்குடிப் பெண்களின் ஆதரவைத் தேடித் தந்ததோடு, உறுப்பினராகச் சேர்வதற்குக் கற்பொழுக்கத்தையே நிபந்தனையாக வைத்தது. தேநீர் விருந்துகளும் சுற்றுலாக்களும் அங்கும் இருந்தன. ஆனால் அவை நன்னடத்தைக்குத் தரப்பட்ட பரிசுகளே. இதிலிருந்து விலகியவர்களில் குறிப்பிடத்தக்கவர் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த மாட் ஸ்டான்லி. 1880இல் இலண்டனின் சோஹோ பகுதியில் உழைக்கும் பெண்களுக்கென மன்றம் தொடங்கிய அவர், பத்தாண்டு அனுபவத்தைத் திரட்டி 1890இல் ‘உழைக்கும் பெண்களுக்கான மன்றங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். மன்றம் நடத்துவதை ஒரு நுட்பமான தொழிலாகக் கருதிய தொடக்ககால நூல்களுள் அதுவும் ஒன்று.

ஸ்டான்லியின் காலத்து மன்றம் வாரத்தின் மாலைகளைப் பாடங்களாகவும் பொழுதுபோக்குகளாகவும் பங்கிட்டுக்கொண்டது. ஒரு நாள் தையல், ஒரு நாள் சேர்ந்திசை, ஒரு நாள் உடற்பயிற்சி, ஒரு நாள் எழுத்தும் கணக்கும் என்று பட்டியல் போடப்பட்டது. பகல் முழுவதும் ஊசியோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாலையிலும் தையல் வகுப்பு வைத்த திட்டக்காரர்கள் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. இருந்தும் உறுப்பினர்கள் சிறு சந்தா செலுத்தியே மன்றத்தில் சேர்ந்தனர்; காசு கொடுப்பவர் பிடிக்காவிட்டால் வராமலிருக்கலாம் என்பதால் அந்தச் சில பென்னிகளே அவர்களின் வாக்குச்சீட்டாயின. அந்த வாக்கு பெரும்பாலும் நடனத்துக்கே விழுந்தது. நடனத்தை அனுமதிப்பதா, அனுமதித்தால் ஆண்களை உள்ளே விடுவதா என்பது மன்ற நிர்வாகிகளை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி. பல மன்றங்கள் கண்ட சமரசம், பெண்ணோடு பெண்ணே சேர்ந்து ஆடுவது. அதைக் கண்ணியம் கருதி விதித்தவர்கள் நிர்வாகிகள். ஆனால் துணை கிடைக்குமா என்ற கவலையின்றி ஆடக் கிடைத்த அந்த இரவுகளை உறுப்பினர்கள் ஒரு கட்டுப்பாடாக உணர்ந்தார்களா என்பது வேறு கேள்வி.

இந்தக் கதையில் தனித்து நிற்பது 1895இல் இலண்டனின் செயின்ட் பாங்கிராஸ் வட்டாரத்தில் தோன்றிய ‘எஸ்பெரான்ஸ்’ இளம்பெண்கள் மன்றம். அதை நிறுவியவர்கள், பிற்காலத்தில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவராக விளங்கிய எம்மலின் பெத்திக், பர்மிங்ஹாமில் பொத்தான் உற்பத்தியாளர் ஒருவரின் மகளான மேரி நீல் ஆகிய இருவர். மெதடிஸ்ட் திருச்சபையைச் சார்ந்த மேற்கு இலண்டன் மிஷனில் இளம்பெண்கள் மன்றத்தை நடத்திவந்த இருவரும், அந்த அமைப்பின் சட்டகத்துக்குள் தங்கள் எண்ணங்களைச் செயல்படுத்த இயலாது என்று கண்டு வெளியேறினர். பெண்பிள்ளைகள் மாலையில் சோர்ந்து வருவதற்குக் காரணம் பகலில் அவர்கள் பார்க்கும் வேலைதான் என்பதை மறைக்காமல் ஏற்றதே இவர்கள் செய்த முதல் மாற்றம். 1897இல் ‘மேசோன் எஸ்பெரான்ஸ்’ என்ற தையலகத்தைத் தொடங்கி, எட்டு மணி நேர வேலை, வாரத்துக்குக் குறைந்தபட்சம் 15 ஷில்லிங் கூலி என்ற ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். உல்லாசத்தைத் திட்டமிடுவதற்கு முன்னால் ஓய்வைத் திட்டமிட வேண்டும் என்ற இந்த எளிய உண்மை மற்ற மன்றங்களின் நிகழ்ச்சிநிரல்களில் அரிதாகவே காணப்படுகிறது. சசெக்ஸ் கடற்கரையில் லிட்டில்ஹாம்ப்டன் என்ற ஊரில் விடுமுறைக்கென்று ஒரு விடுதியும் பின்னர் அமைந்தது.

1905இல் மன்றத்துக்குப் புதிய பாட்டுகள் தேவைப்பட்டன. மன்றத்தின் இசைப் பொறுப்பாளரான ஹெர்பர்ட் மக்கில்வெய்ன் வழியாக, கிராமங்களில் நாட்டுப்பாடல்களைத் திரட்டிவந்த செசில் ஷார்ப்பின் பணியை அறிந்த மேரி நீல், அவரிடம் சென்று பாட்டுகளைப் பெற்றுவந்தார். தையற்காரப் பெண்கள் அவற்றை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொள்ளவே, இந்தப் பாட்டுகளுக்குப் பொருத்தமான ஆட்டங்களும் உண்டா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டன் குவாரி என்ற சிற்றூரின் ஆட்டக்காரர்களைத் தற்செயலாகக் கண்டிருந்த ஷார்ப், அவர்களில் ஒருவரான வில்லியம் கிம்பரின் பெயரைச் சொன்னார். கிம்பர் செங்கல் கட்டும் கொத்தனார். கான்செர்ட்டினா எனப்படும், இரு கைகளுக்கிடையே விரித்துச் சுருக்கி வாசிக்கும் சிறு துருத்தி வாத்தியத்தில் தேர்ந்தவர். நீல் நேரில் போய் அவரைத் தேடிப்பிடித்து, அவரையும் அவருடைய உறவினர் ஒருவரையும் இலண்டனுக்கு வரவழைத்தார்.

அவர்கள் கொண்டுவந்தது மாரிஸ் ஆட்டம். ஆறு பேர் மூவர் மூவராக இரண்டு வரிசையில் எதிரெதிரே நின்று, முழங்காலுக்குக் கீழே தோல்பட்டையில் கோத்த சிறுமணிகள் ஒலிக்க, கைக்குட்டைகளை வீசியும் கழிகளைத் தட்டியும் ஆடும் இந்த ஆட்டம் வழக்கமாக ஊர் ஆண்களுக்கே உரியது. அதுவும் பெரும்பாலும் பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி ஆடப்படுவது. கழி மேலே எழும் நொடியில் கால் தரையில் விழவேண்டும், மணி அந்த விழுதலைச் சொல்லவேண்டும். தாளம் தவறினால் காதே காட்டிக்கொடுத்துவிடும். நாள் முழுவதும் குனிந்திருந்த முதுகுகள் நிமிர்ந்து துள்ளும் இந்த ஆட்டத்தைச் செயின்ட் பாங்கிராஸ் பெண்கள் இரண்டே மாலைகளில் அடிப்படை அளவுக்குப் பழகிக்கொண்டதாக மன்றத்தின் வரலாறு கூறுகிறது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் தங்களுக்குள் ஆடியவர்கள், 1906 ஏப்ரலில் குயின்ஸ் ஹால் அரங்கில் கட்டணம் செலுத்தி வந்த பார்வையாளர்களுக்கு முன் ஆடினர்.

அடுத்து நடந்ததை எந்த நிர்வாகியும் திட்டமிட்டிருக்க முடியாது. ஊர் ஊராக அழைப்பு வரவே, மன்றத்துப் பெண்கள் பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியைகளாகப் போனார்கள். கிராமத்து ஆட்டத்தை நகரத்துத் தையற்காரி மீண்டும் கிராமத்துக்குக் கற்பிக்கும் விந்தை நிகழ்ந்தது. 1907இல் வெளிவந்த ஷார்ப்–மக்கில்வெய்ன் ‘மாரிஸ் புத்தகம்’ இந்தப் பெண்களுக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1909இல் இங்கிலாந்தின் கல்வி வாரியம் பள்ளி உடற்பயிற்சிப் பாடத்திட்டத்தில் நாட்டுப்புற ஆட்டங்களைச் சேர்த்தது. ஆனால் அதற்குள் ஷார்ப்புக்கும் நீலுக்கும் இடையே பிணக்கு முற்றியிருந்தது. அடவு ஒவ்வொன்றும் துல்லியமாக, பயிற்சிபெற்ற ஆசிரியரின் கண்காணிப்பில் கற்பிக்கப்பட வேண்டும் என்பது ஷார்ப்பின் நிலை; ஆட்டத்தின் உயிர் ஆடுபவரின் களிப்பில் இருக்கிறது, அதைப் பரம்பரை ஆட்டக்காரரிடமிருந்தே நேராகப் பெறவேண்டும் என்பது நீலின் நிலை. மன்றத்துப் பெண்களின் துள்ளலை அடக்கமற்றதாகக் கண்டவர்கள் ஷார்ப்பின் பக்கம் நின்றனர். 1911இல் ஷார்ப் ஆங்கில நாட்டுப்புற நடனக் கழகத்தை நிறுவினார்; முதல் உலகப்போரோடு எஸ்பெரான்ஸ் மன்றத்தின் வாழ்வு முடிந்தது. நீலுக்கு நாட்டுப்புற நடனப் பணிக்காக 1937இல் அரசப் பட்டம் கிடைத்தது என்றாலும், ஆட்டத்தை மீட்டவர் என்ற புகழ் நெடுங்காலம் ஷார்ப்புக்கே சேர்ந்தது. ஷார்ப்பின் துல்லியம் இல்லாவிட்டால் பல ஆட்டங்கள் பதிவின்றி அழிந்திருக்கும் என்பதை மறுக்க இயலாது. அந்தத் துல்லியத்தின் பெயரால் விரட்டப்பட்டது தையற்காரப் பெண்களின் சொந்த மாலைப்பொழுது என்பதையும் மறைக்க இயலாது.

எஸ்பெரான்ஸ் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் முற்றிலும் வேறு திசையிலிருந்து இன்னொரு இயக்கம் புறப்பட்டது. 1907இல் பிரவுன்சி தீவில் சிறுவர் முகாம் நடத்திய இராணுவ அதிகாரி ராபர்ட் பேடன்பவல் 1908இல் வெளியிட்ட சாரணர் நூல், இரு வாரத்துக்கு ஒரு பகுதியாகச் சில பென்னி விலையில் விற்பனையாயிற்று. அதை வாங்கிய அண்ணன் தம்பிகளிடமிருந்து எடுத்து வாசித்த பெண்பிள்ளைகள், யாரும் அழைக்காமலே தங்களுக்குள் அணி கட்டி, தொப்பியும் கழியும் தேடிக்கொண்டு, காடுமேடு அலைந்து தடம் பார்க்கத் தொடங்கினர். 1909 செப்டம்பர் 4ஆம் நாள் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் திரண்ட சாரணர் பேரணியில், அழைப்பின்றி வந்து நின்ற ஒரு சிறு பெண்கள் கூட்டம் தங்களையும் சாரணர் என்று சொல்லிக்கொண்டது. அந்தக் கூட்டம் வந்து நின்ற கணத்தில் அவர்களின் பொழுதுபோக்கு ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்தது. பெரியவர்கள் அதன்பின் திட்டமிட்டதெல்லாம் அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதையே.

பெண்கள் இப்படித் திரிவதைக் கண்டித்து அதே ஆண்டு இறுதியில் பத்திரிகைகளில் குரல் எழுந்த நிலையில், பேடன்பவல் தம் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் 1910இல் ‘கேர்ல் கைட்ஸ்’ என்ற தனி அமைப்பை உருவாக்கினார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றிய ‘கைட்ஸ்’ படைப்பிரிவிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்று சாரணியர் என்று அழைக்கப்படுவோரின் முன்னோடிகள் இவர்களே. மாற்றம் முதலில் தெரிந்தது அணிப்பெயர்களில். ஓநாய் என்றும் கழுகு என்றும் பெயர் சூட்டிக்கொண்ட அணிகள் ரோஜா, அல்லி என்று பூக்களின் பெயருக்கு மாறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன. ஓநாயாக ஊளையிடப் பழகிய பெண்ணுக்கு ரோஜாவாக நிற்பது எவ்வளவு சலிப்பூட்டியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1912இல் வெளிவந்த சாரணியர் கையேடு, பேரரசைக் கட்டியெழுப்பப் பெண்பிள்ளைகள் எப்படி உதவலாம் என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. செவிலியம், சமையல், குழந்தை வளர்ப்பு ஆகியவை அதில் நிறைந்திருந்தன. ஆயினும் அதே நூல், எட்டு அங்குலக் கயிற்றைக் கொண்டு ஒரு திருடனைக் கட்டிப்போடுவது எப்படி என்பதையும் கற்பித்தது. தந்தி அனுப்புதல், மின்வேலை, வானூர்தி அறிவு ஆகியவற்றுக்கும் தகுதிச்சின்னங்கள் இருந்தன. தேனீ வளர்ப்பு, பலூனில் பறத்தல் ஆகியவற்றில் ஈடுபட்டிருந்த ஆக்னஸைப் பழமைவாதியாக மட்டும் சித்திரிப்பது இதனால் பொருந்தாது. பேரரசு, தாய்மை என்ற பெரிய சொற்களை அட்டையில் அச்சிட்டுவிட்டால் உள்ளே கயிறும் கம்பியும் பலூனும் கேள்வியின்றிச் செல்லலாம் என்பதை அந்த அமைப்பு விரைவிலேயே கற்றுக்கொண்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5, செய்தி கொண்டுசெல்லும் வேலைக்கு அமர்த்திய சாரணச் சிறுவர்கள் குறும்பும் வாயாடித்தனமும் மிக்கவர்களாக இருக்கக் கண்டு, அவர்களுக்குப் பதிலாகச் சாரணியரை அமர்த்திய நிகழ்ச்சி அந்த உளவுத்துறையின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது.

சாரணியர் கூட்டத்தின் அமைப்பு இந்த வரலாற்றில் முக்கியமானது. ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவி, ஒரு துணைத்தலைவி. பல அணிகள் சேர்ந்தது ஒரு கம்பெனி. அணித்தலைவியர் அனைவரும் கம்பெனியின் பொறுப்பாளரான கேப்டனோடு கூடும் அவைக்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர். வரும் வாரங்களில் என்ன செய்வது, நிதியை எதற்குச் செலவிடுவது, முகாம் எங்கே என்பவை அங்கே முடிவாயின. நடைமுறையில் பல கேப்டன்கள் முடிவை முன்பே எடுத்துவிட்டு அவைக்கு வந்திருக்கலாம். ஆனாலும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நிகழ்ச்சிநிரலை வாதிட்டு மாற்றுவதற்கு எழுதப்பட்ட விதியொன்று இருந்தது என்பதே மாட் ஸ்டான்லியின் தலைமுறைக்குப் புதியது.

வாரக்கூட்டத்தின் பாங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அணிவகுப்பு, உடைச் சோதனை, முடிச்சுப் பயிற்சி, அணிகள் தத்தம் மூலையில் கூடிப் பேசுதல், விளையாட்டு, இறுதியில் பாட்டு, வழிபாடு. இவற்றுள் விளையாட்டுப் பகுதியில் நிலைத்துப்போன ஒன்று ‘கிம் ஆட்டம்’. ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட ‘கிம்’ நாவலில், சிம்லாவில் இரத்தினக் கடை வைத்திருக்கும் லர்கன் என்பவர் ஒரு சிறுவனை உளவுப்பணிக்குப் பழக்கும் முறையிலிருந்து இதைப் பேடன்பவல் எடுத்துக்கொண்டார். கதையில் தட்டில் கிடந்தவை மணிக்கற்கள். கம்பெனிக் கூட்டத்தில் கிடந்தவை விரலுறை, சாவி, பொத்தான், கிழிந்த தபால்தலை, சுண்ணக்கட்டித் துண்டு, பாதி எரிந்த தீக்குச்சி போன்ற இருபது முப்பது சில்லறைப் பொருள்கள். துணியை விலக்கி ஒரு நிமிடம் காட்டியபின் மூடிவிட்டால், பார்த்தவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டும். பொத்தானுக்கு எத்தனை துளை என்று கேட்டுத் தலைவி மடக்குவாள். செலவு எதுவும் இல்லை. மழை பெய்தாலும் ஆடலாம். எட்டு வயதுப் பிள்ளை பதினாறு வயதுப் பெண்ணைத் தோற்கடிக்கலாம். பேரரசின் உளவாளிக்கென்று புனையப்பட்ட ஒரு பயிற்சி, தேவாலயக் கூடங்களில் பெண்பிள்ளைகளின் சிரிப்புக்குக் காரணமாகியது.

பெண்பிள்ளைகள் சிறுவர்களைப் போல ஆடலாமா என்ற இதே விவாதம் அமெரிக்காவில் வேறு உருவம் எடுத்தது. 1910இல் லூதர் குலிக், சார்லட் குலிக் தம்பதியர் தொடங்கிய ‘கேம்ப் ஃபயர் கேர்ல்ஸ்’ அமைப்பு, பெண்கள் சிறுவர்களைப் போலச் செய்வது தவறு என்ற கொள்கையோடு, இல்லக்கலை முதல் முகாம்கலை வரையுள்ள சாதனைகளுக்கு நிறம்நிறமாக மணிகளை வழங்கியது. 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 18 பெண்பிள்ளைகளோடு சாரணியர் குழுவைத் தொடங்கிய ஜூலியட் கோர்டன் லோவோ, பெயரிலேயே சாரணர் என்ற சொல்லை விரைவில் ஏற்று, சிறுவர் சாரணர் தலைமையின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் இருந்தார். கேட்கும் திறனைப் பெரிதும் இழந்திருந்த இந்தப் பெண்மணி தமக்கு ஒவ்வாத எதிர்ப்பைக் கேளாததுபோல் நடந்துகொண்டதாகச் சொல்லப்படுவது மிகையாக இருக்கலாம். சவானாவின் முதல் சாரணியர் கூடைப்பந்து ஆடினார்கள். முழங்காலுக்குக் கீழே சுருக்கிய தொளதொள காற்சட்டையில் அவர்கள் ஓடுவதைத் தெருவில் போவோர் பார்க்காதபடி ஆடுகளத்தைச் சுற்றிக் கித்தான் திரை கட்டப்பட்டது. ஆட்டம் அனுமதிக்கப்பட்டது, ஆடுவது தெரியக்கூடாது என்ற அந்தக் காலத்தின் உடன்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உல்லாசத்துக்குப் பணம் யார் தருவது என்ற கேள்விக்கு ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி நகரச் சாரணியர் குழு ஒன்று 1917இல் விடை கண்டது: வீட்டடுப்பில் பிஸ்கட் சுட்டு உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் விற்றது. 1922 ஜூலையில் ‘தி அமெரிக்கன் கேர்ல்’ இதழ் இதற்கான செய்முறையை வெளியிட்டது. ஒரு கோப்பை வெண்ணெய், ஒரு கோப்பை சர்க்கரை, இரண்டு முட்டை, இரண்டு கோப்பை மாவு, சிறிது பால், உப்பு, வெனிலா, பேக்கிங் பவுடர். ஆறேழு டஜனுக்கான பொருட்செலவு 26 முதல் 36 சென்ட். ஒரு டஜனை 25 முதல் 30 சென்ட்டுக்கு விற்கலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டியது. அதாவது ஒரு டஜன் விற்றாலே முதல் ஏறத்தாழக் கைக்கு வந்துவிடும், மற்றவை இலாபம். முகாமுக்கான பேருந்துக் கட்டணத்துக்குப் புரவலரின் வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லாத நிலை ஏற்பட்டதும், புரவலரின் விருப்பத்துக்கேற்ப நிகழ்ச்சிநிரலை எழுதவேண்டிய தேவையும் குறைந்தது. 1930களில் இந்த பிஸ்கட்டுகள் ஆலைத் தயாரிப்பாகி மாபெரும் வணிகமாக வளர்ந்தன. வணிகம் வளர்ந்த அளவுக்கு விற்பனையே குழுவின் முதன்மைச் செயற்பாடாகிவிடும் இடரும் வளர்ந்தது.

இந்தியாவில் முதல் சாரணியர் கம்பெனி 1911இல் ஜபல்பூரில் அமைந்தது. தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ–இந்தியப் பெண்களுக்கு மட்டுமே இருந்த இடம் 1916இல் இந்தியப் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. இலங்கையில் 1917இல் கண்டி மகளிர் உயர்நிலைப் பள்ளியில் முதல் கம்பெனி தோன்றியது. எட்டு முதல் பதினொரு வயதுவரையான சிறுமியருக்கென்று இங்கிலாந்தில் 1914இல் தொடங்கி, பின்னர் ஜூலியானா யூவிங்கின் கதையையொட்டிப் ‘பிரவுனி’ என்று பெயர் மாற்றம் பெற்ற பிரிவு, இந்தியாவில் ‘புளூபேர்ட்’ ஆகிப் பிறகு ‘புல்புல்’ ஆயிற்று. குட்டிச்சாத்தான் போன்ற ஆங்கிலக் கதைமாந்தருக்குப் பதிலாக, தாரா என்ற சிறுமியின் கதை அதன் சடங்குகளுக்கு அடிப்படையாக வைக்கப்பட்டது. தமிழகப் பள்ளிகளில் அச்சிறுமியர் நீலப்பறவையர் எனப்படுகின்றனர்.

இங்கே இயக்கம் தெருவோடு போட்டிபோடவில்லை; பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பிறந்தது. கேப்டன் பெரும்பாலும் வகுப்பாசிரியையே என்பதால், காலையில் கணக்குப் பாடத்தில் கையைக் கட்டி நின்ற மாணவி மாலையில் அவையில் அவரோடு வாதிட்டு நிகழ்ச்சியை மாற்றுவது எளிதாக இருந்திருக்க முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. கும்மி, கோலாட்டம், பல்லாங்குழி, சொட்டாங்கல் என்று பெண்பிள்ளைகள் தாங்களே கூடித் தாங்களே விதி வகுத்து ஆடிய ஆட்டங்கள் தமிழ் ஊர்களில் ஏற்கெனவே இருந்தன. திருவிழாவும் திண்ணையும் அவற்றுக்கு இடம் தந்திருந்தன. பூப்பெய்திய பெண்ணுக்கு அந்த இடம் சட்டென்று சுருங்கியது. சாரணியர் இயக்கம் தந்த புதுமை ஆட்டமல்ல, அந்த வயதுக்குப் பிறகும் ஆடலாம் என்ற ஒப்புதலே. சீருடையும் பள்ளியின் பெயரும் துணைநிற்க, பதினைந்து வயதுப் பெண் வெளியூர் முகாமில் இரவு தங்கிப் பாசறைத் தீயைச் சுற்றிக் கும்மியடிப்பது பல குடும்பங்களுக்கு ஏற்புடையதாயிற்று. விடுதலைக்குப்பின் 1950 நவம்பர் 7இல் உருவான பாரத சாரண சாரணியர் அமைப்பில் 1951இல் சாரணியர் இயக்கம் இணைந்தது; 1966இல் புனேயில் ‘சங்கம்’ என்ற உலக மையம் திறக்கப்பட்டது.

நியாயம் எதுவும் தேவைப்படாத, அல்லது நியாயம் சொல்ல யாருமே இல்லாத இடத்தில் இத்தகைய குழு என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரின் சாங்கி சிறை ஒரு சான்றைத் தருகிறது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் நகரம் வீழ்ந்தபின் அங்கே அடைக்கப்பட்ட பெண்கள், குழந்தைகளிடையே, எலிசபெத் என்னிஸ் என்ற சாரணியர் தலைவி எட்டு முதல் பதினாறு வயதுவரையான சுமார் 20 பெண்பிள்ளைகளைக் கொண்டு ஒரு குழு நடத்தினார். சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரம் ஒருமுறை கூட்டம். தலைவியின் பிறந்தநாளுக்குப் பரிசு தர எண்ணிய பிள்ளைகள், அவர் அறியாமல் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கினர். பழைய உடைகளிலிருந்து வெட்டிய சிறு அறுகோணத் துண்டுகளை, நடுவில் ஒன்று சுற்றிலும் ஆறு என்று பூவடிவில் இணைத்து, நடுத்துண்டில் தத்தம் பெயரைத் தைத்தனர். நூலுக்குக் கந்தல் துணிகளையே பிரித்தனர். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்டவர்கள் முழுக்க முழுக்க அவர்களே. போர்வை இன்று இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் சாரணியர் அமைப்பு 1960களில் தன் செயற்திட்டம் முழுவதையும் மறு ஆய்வு செய்து, 1968இல் எட்டு அம்சத் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. திறந்தவெளியில் மகிழ்ந்திருத்தல் என்பது, அதனால் என்ன விளையும் என்ற விளக்கம் ஏதும் கோரப்படாமல், அந்த எட்டில் ஒன்றாக இடம்பெற்றது. இல்லத்தைப் பேணுபவளாதல் என்பதும் அதே பட்டியலில் இருந்தது.